குரல் உடையும் வயதில் வாத்தியார் வேலை

வாசகர் கடிதம்:

அக்கா, எனக்கு 46 வயது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 17 வயதில் அரிதாரம் பூசினேன். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம். வள்ளியாக எத்தனை ராத்திரி நின்றிருப்பேன் என்று கணக்கே இல்லை. பவளக்கொடி, சாவித்திரி, சந்திரமதி எல்லாம் கட்டியிருக்கிறேன். இரண்டு வருஷமாக மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் பிளக்கிறது. சில நாள் பேச்சே கரகரவென்று இருக்கிறது. சீசனில் மாதம் 20 நாடகம் வந்த இடத்தில் போன சித்திரையில் ஏழுதான் வந்தது. எங்கள் ஊர் அரசுப் பள்ளியில், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்பு. எனக்குப் பாடத் தெரியும், நடிக்கத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா? மேடையை விடவும் மனசு வரவில்லை. காலேஜ் படிக்கும் மகள், "டீச்சர் ஆனால் நல்லதும்மா, நாடகக்காரின்னு இனி யாரும் சொல்ல மாட்டாங்க" என்கிறாள். அதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கிறதா, வலிக்கிறதா என்றே புரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. குரலுக்கு என்ன ஆயிற்று என்பது ஒன்று. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்பது இன்னொன்று. குரல் போகிறது, அதனால் டீச்சர் வேலை என்று நீங்களாகவே இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். அதை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்ப்போம். நானும் 22 வருஷம் ஸ்திரீபார்ட் கட்டியவள். 16 வருஷமாகப் பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நானும் இந்தப் பக்கம் வந்தேன். அதில் எனக்கு இரண்டு வருஷம் வீணாகப் போனது. உங்களுக்குப் போக வேண்டாம்.

முதலில் குரல்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சீட்டுப் போட்டு உள்ளே போனதும், "நான் நாடகத்தில் பாடுகிறவள், விடிய விடிய குரல் கொடுக்கிறவள், குரல்வளையைக் கேமரா வைத்துப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். தொழிலைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சளி பிடித்த தொண்டை என்று நினைத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினால் உங்கள் அலைச்சல்தான் மிச்சம். பாட்டுத் தொழில் என்று தெரிந்தால் அவர்கள் பார்க்கிற விதமே வேறாக இருக்கும்.

கேமராவில் என்ன தெரியலாம்? மிருதங்கக்காரர் விரலில் காய்ப்பு ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே மாதிரி இரண்டு குரல் நாண்களும் மோதி மோதி, மோதுகிற இடத்தில் சின்ன முடிச்சு விழும். இது நம் தொழிலில் சகஜம். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல், குரலுக்கு ஓய்வு கொடுத்து, பேச்சுப் பயிற்சி நிபுணர் சொல்கிற பயிற்சியைச் செய்தாலே சுருங்கிவிடும். இன்னொன்று வயிற்று அமிலம். ராத்திரி இரண்டு மணிக்குப் படுதாவுக்குப் பின்னால் பரோட்டா, டீ, விடிந்ததும் வேனில் சாய்ந்தபடி தூக்கம் என்று முப்பது வருஷம் ஓட்டினால் அமிலம் தொண்டைக்கு ஏறிக் குரல் நாணைப் புண்ணாக்கும். தைராய்டு குறைந்தாலும் குரல் தடிக்கும், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். எதுவாக இருக்கும் என்று நான் ஊகிப்பதில் பயனில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

இது எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிக் காலத்திலிருந்து நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, மகரக்கட்டு. வயது ஏறும்போது குரல் உடைவதைச் சொல்வது. பையனுக்குப் பதிமூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடைந்தால் கம்பெனியே கவலைப்படும். நேற்றுவரை ஸ்திரீபார்ட் பாடிய பிள்ளைக்கு இன்று என்ன வேஷம் கொடுப்பது என்று யோசிப்பார்கள். பையன்களுக்கு அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்கு 45, 50 வயதில் இரண்டாவதாக ஒரு மகரக்கட்டு வருவதை நம்மில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாதவிடாய் நிற்கிற காலத்தில் உடம்பில் ஹார்மோன் குறையும்போது குரல் நாண் கொஞ்சம் தடிக்கிறது, அதன் ஈரம் குறைகிறது. குரல் சற்றுக் கீழே இறங்கும், மேல் ஸ்வரங்கள் முன்போல உடனே பிடிபடாது. எனக்கு 47-ல் வந்தது. கண் பட்டுவிட்டது என்று நான் கோயில் கோயிலாகப் போனேன். என்னோடு நடித்த அக்காமார்களுக்கும் வந்திருக்கும்தானே? ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதை விரிவாக எழுதுகிறேன்.

அப்படி இருந்தால் செய்ய வேண்டியது சுருதியை இறக்குவது. நீங்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகியிருப்பீர்கள். நாலரைக்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் நாலுக்கும் போங்கள். ஆர்மோனியக்காரரிடம் நாடகத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். மேடையில் போய்ச் சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம். கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று ஏற்றி வைத்த சுருதியை, நாலு பெட்டி ஸ்பீக்கர் கட்டிய பந்தலிலும் நாம் இன்னும் தூக்கிச் சுமக்கிறோம்.

பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல் நாண் மேல் படுவதில்லை. ஆவி பிடித்தால் அது நேராகப் போய்ச் சேரும். பகலெல்லாம் தண்ணீர் குடியுங்கள். ஓய்வு என்று நினைத்துக் குசுகுசுவென்று பேசாதீர்கள், அதுவும் குரலுக்கு உழைப்புதான். பேசாமல் இருந்தால்தான் ஓய்வு.

சரி, குரலை டாக்டரிடம் ஒப்படைத்தாயிற்று. இனி இரண்டாவது கேள்வி.

நம் தொழிலில் வாத்தியார் என்றால் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மேடை ஏறுகிறவர்கள் நாம். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். முதலில் அவரும் நடிகர்தான். இரணியன், எமன், சனீஸ்வரன் என்று கண்டவர் நடுங்கும் வேஷங்களைக் கட்டினார். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் போனபோது அந்தக் கோலத்தைப் பார்த்து ஒரு பெண் பயத்தில் உயிரை விட்டாள், அன்றோடு நடிப்பதை நிறுத்தினார் என்பது நாம் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நடிப்பதை விட்டவர், எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் நம் வாய்க்கு வந்தது அப்படித்தான்.

இதில் நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது ஒன்றுதான். குரல் போனதால் அவர் வாத்தியார் ஆகவில்லை. நல்ல நடிகராக இருந்தபோதே இந்தப் பக்கம் வந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற கம்பெனியைத் தொடங்கினார். சிறுவர்களை வைத்து நடத்திய கம்பெனி. பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று பெயர் வாங்கிய டி.கே. சண்முகம் ஆறு வயதுப் பிள்ளையாக அங்கே சேர்ந்தார். அந்தப் பிள்ளைக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதினார் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேகம் இல்லை. கையில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து, அவன் குரலையும் உடம்பையும் பார்த்து, அவனுக்கு ஏற்ற நாடகத்தை எழுதியிருக்கிறாரே, அதுதான். பள்ளியில் உங்களுக்கு இந்தப் பார்வை வேண்டும்.

அவருக்குக் குரல் போனது பிற்பாடு. பக்கவாதம் வந்து கை கால் முடங்கி, பேச்சும் நின்றது. அப்போதும் கம்பெனி போன ஊருக்கெல்லாம் அவரும் போனார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். வாய் பேசாத வாத்தியார் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்க, அந்தப் பிள்ளைகள் எப்படிப் பாடியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது தெரியாது என்பதுதான் என் பதில். முப்பது வருஷம் மேடையில் நின்றவளிடம் இப்படிச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் தெரியவில்லை. முதல் பள்ளியில் முதல் நாள், ஒரு முழுப் பாட்டைச் சுருதி சேர்த்து, பிர்கா எல்லாம் போட்டுப் பாடிக்காட்டி, "இப்ப நீங்க பாடுங்க" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பாடவில்லை. மூன்றாவது நாள் ஒரு சிறுமி பாடினாள். என்னை அப்படியே பிடித்திருந்தாள். பல்லவி முடிகிற இடத்தில் தொண்டையை இறுக்கிக்கொண்டு ஒரு சின்ன இழுப்பு இழுத்தாள். பாட்டில் வருகிற சங்கதி, ஒரு ராக வளைவு என்று நினைத்துக்கொண்டுதான் செய்தாள். அது என் தொண்டை நோவு. என் நோவை அந்தப் பிள்ளை தன் தொண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை.

இன்னொரு பையன் கேட்டான், "டீச்சர், இதில் எங்கே மூச்சு எடுக்கணும்?" ஆயிரம் ராத்திரி பாடிய பாட்டு அது. எனக்குப் பதில் தெரியவில்லை. "பாடினா வரும்டா" என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றில் கை வைத்து அந்தப் பாட்டை வரி வரியாகப் பாடிப்பார்த்தேன். மூச்சு எடுத்த இடத்தில் எல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டேன். ஏழு இடம். அதில் இரண்டு, சொல்லை நடுவில் உடைக்கிற இடம். இத்தனை வருஷமாக ஒரு சொல்லை இரண்டாக உடைத்துப் பாடியிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. நான் டீச்சர் ஆனது அந்த ராத்திரியில்தான்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்களுக்கு உடம்பில் தெரிந்ததை எல்லாம் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். நுழையும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள், ஏன்? மைக்குக்கும் வாய்க்கும் எத்தனை விரல் இடைவெளி விடுகிறீர்கள்? விருத்தம் பாடி முடித்துப் பாட்டுக்குள் போகும்போது ஆர்மோனியக்காரருக்கு எப்படிச் சைகை காட்டுகிறீர்கள்? அழும்போது குரலை எங்கே தாழ்த்தினால் கூட்டம் அடங்குகிறது? இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், யோசிக்காமல் செய்வதால் தெரியாது என்று நினைக்கிறீர்கள். ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாதம், தினம் அரை மணி நேரம் இதை எழுதினால் போதும். எழுதக் கை வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள்.

உங்களிடம் இருப்பதில் எதைப் பள்ளிக்குக் கொண்டுபோவது? பாட்டு என்று சொல்வீர்கள். பாட்டும் வேண்டும்தான். ஆனால் ஸ்பெஷல் நாடகத்துக்காரியிடம் வேறு ஒன்று இருக்கிறது, அதன் அருமை நமக்கே தெரிவதில்லை. நாம் ஒத்திகை பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு ஊரிலிருந்து வருகிறோம். ராஜபார்ட் மணப்பாறை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி. சில சமயம் நோட்டீஸில்தான் முதல்முறை முகத்தையே பார்க்கிறோம். பத்து மணிக்கு மேடை ஏறினால் விடிகிறவரை ஒருவர் சொல்லுக்கு ஒருவர் பதில் கொடுக்கிறோம். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடக்கும்போது அவர் எங்கே இழுப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து விழுகிற கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். சபை சிரிக்கிறது. இந்தப் பயிற்சி நாடகப் பட்டறைகளில் பெரிய பெயர்களோடு நடக்கிறது. நீங்கள் அதில் முப்பது வருஷம் ஊறியவர்.

பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கொடுங்கள். இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, ஒருவர் சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் மற்றவர் ஆரம்பிக்கட்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இதில் பாய்ந்து வருவதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். மனப்பாடம் கிடையாது, தப்பு என்று ஒன்று கிடையாது, காது கொடுத்துக் கேட்டால் போதும் என்றதும் வாய் திறக்காத பிள்ளை திறக்கிறது.

நாடகம் என்று எடுத்தால் வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கிற இடத்தை எடுங்கள். ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிற இடம். ஒரு வள்ளிக்கு நாற்பது குருவி இருக்கலாம், கிளி இருக்கலாம், தினைக்கதிராகக்கூடப் பத்துப் பேர் நின்று ஆடலாம். ஒரு பிள்ளையும் வெளியே உட்கார வேண்டாம். கதாநாயகி யார் என்ற சண்டையும் பாதி குறையும். பபூன், டான்ஸ் காட்சியில் வருகிற இரட்டை அர்த்தப் பேச்சின் வாடைகூட வகுப்புக்குள் வரக்கூடாது. பழக்கத்தில் வாயில் வந்துவிடும், அதனால்தான் சொல்கிறேன்.

கலைத் திருவிழா போட்டி பள்ளியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று போகிறது. ஜெயிக்கிற நாலு பிள்ளைகளைப் பிடித்துத் தயார் செய்யுங்கள் என்று பள்ளியில் சொல்வார்கள். அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. நீங்கள் அந்த நாலு பேரையும் தயார் செய்யுங்கள், மீதிப் பேரையும் வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே தலைமை ஆசிரியரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்கள் விஷயத்தில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். மகரக்கட்டு உடைகிற வயது. நேற்றுப் பாடியவன் இன்று தவளைபோல் கத்துவான், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், அவன் அதோடு பாட்டையே விட்டுவிடுவான். பழைய கம்பெனிகளில் அந்த நேரத்தில் பாட்டைக் குறைத்து வசனம் கொடுப்பார்கள், அல்லது வேறு வேலை கொடுப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அவனுக்கு வசனமோ தாளமோ கொடுங்கள், எட்டுகிற ஸ்வரத்துக்குள் மட்டும் பாடச் சொல்லுங்கள், இது எல்லோருக்கும் வருகிறது, சில மாதத்தில் அடங்கும் என்று வகுப்பு முன்னாலேயே சொல்லுங்கள். உங்கள் குரலும் இப்போது உடைந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பையன்கள் என்னிடம் ஒட்டிக்கொண்டார்கள்.

நாமெல்லாம் அடி வாங்கித்தான் கற்றோம். தாளம் தப்பினால் முட்டியில் விழும். அது பள்ளிக்குள் வரவே கூடாது, கைப்பிரம்பும் சரி, "உனக்கெல்லாம் எங்கே வரப்போகுது" என்ற பேச்சும் சரி. எனக்குப் பேச்சை நிறுத்தத்தான் நெடுநாள் ஆனது.

இனிக் காசு. இதைத் தயங்காமல் பேசுங்கள். ஒரு பள்ளியில் இரண்டு மாதம் தினமும் மாலையில் போனேன். கடைசி நாள் ஒரு சால்வை போர்த்தி, "அம்மா கலைக்கு சேவை செய்தார்கள்" என்று மைக்கில் சொல்லி அனுப்பினார்கள். பஸ் காசு என் கையிலிருந்து போனது. மேடைக்கு அட்வான்ஸ் வாங்காமல் டேட் எழுதுவீர்களா? வகுப்புக்கும் அப்படித்தான். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், ஒரு வகுப்புக்கு எவ்வளவு, போக்குவரத்து யாருடையது என்று பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளியில் பணத்துக்கு வழியில்லை என்றால் பெற்றோர் சங்கம், மேலாண்மைக் குழு என்று அவர்களுக்கு வழி தெரியும். கேட்டால்தான் யோசிப்பார்கள்.

அதோடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் பதிவு இருக்கிறதா, அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். சங்கத்து அட்டை, பழைய நோட்டீஸ்கள், போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். முப்பது வருஷ அனுபவத்துக்கு நம்மிடம் வேறு சான்றிதழ் கிடையாது. நோட்டீஸ்களை வருஷ வாரியாக ஒரு பைலில் போடுங்கள். மாவட்டத்தில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. குரு சிஷ்யத் திட்டம், பகுதிநேரப் பயிற்சி என்று அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். அங்கே அந்தப் பைல்தான் உங்களுக்காகப் பேசும். படிப்பு குறுக்கே நிற்கிறது என்று தோன்றினால், எட்டாம் வகுப்பு முடித்தவர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். நான் 43 வயதில் எழுதினேன். கணக்கில் இரண்டு முறை போய் மூன்றாவதில் வந்தது.

மேடையை விட மனசில்லை என்கிறீர்கள். ஏன் விட வேண்டும்? நாடகம் பங்குனி, சித்திரை, வைகாசியில் குவிகிறது. பள்ளிக்கு அப்போது தேர்வும் விடுமுறையும். பிள்ளைகளுக்கு வகுப்பு தேவைப்படுகிற மாதங்களில் நமக்குப் பந்தல் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று பெரிதாக இடிக்காது. ஏழு ராத்திரி வந்தால் ஏழு ராத்திரி போங்கள், நாலரைக் கட்டையில் நிம்மதியாகப் பாடிவிட்டு வாருங்கள். இருபது ராத்திரி வந்தாலும் ஏற்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ராத்திரி முழுக்கக் கத்திவிட்டுக் காலையில் வகுப்பு எடுத்தால் இரண்டும் கெடும். நாடகத்துக்கு மறுநாள் வகுப்பு வைக்காதீர்கள். இதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் விட்டது வேறு காரணம், முட்டி. மேடை ஏறுவதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றும் பங்குனியில் எங்கேயாவது ராத்திரிக் காற்றில் ஆர்மோனியம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். டீச்சர் வேலை அந்த இடத்தை நிரப்பிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது வேறு இடம், இது வேறு இடம். ஒரு பிள்ளை முதல்முறையாகச் சுருதியில் போய் நிற்கும்போது எனக்குள் ஒன்று குதிக்கும். அது ஒன்ஸ்மோர் கேட்ட சந்தோஷம் மாதிரி இருக்காது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாக மகள். அவள் சொன்னது உங்களுக்கு ஏன் வலித்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறாள். பள்ளியில், பஸ்ஸில், உறவுக்காரர் கல்யாணத்தில் அவள் காதில் என்னென்ன விழுந்திருக்கும். அதற்காக அவளைக் கோபிக்காதீர்கள். ஆனால் டீச்சர் என்ற பெயரை வைத்து நாடகக்காரி என்ற பெயரைக் கழுவ மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லுங்கள், நான் நாடகக்காரி, முப்பது வருஷம் வள்ளி கட்டியவள் என்று. நான் பல வருஷம் சொல்லாமல் மறைத்தேன். ஒரு நாள் ஒரு பையன் எங்கிருந்தோ என் பழைய நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "டீச்சர், இது நீங்களா?" என்று வகுப்பில் காட்டினான். எனக்கு முகம் சிவந்தது. பிள்ளைகள் முகத்தில் வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. ஒளித்து வைத்த எனக்குத்தான் அது அசிங்கமாகத் தெரிந்திருக்கிறது.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்களுக்குப் பாடமாக இருக்கிற பாட்டுகள், விருத்தங்கள், வசனங்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு வந்தவை, உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. வகுப்புக்கு அவை எழுத்தில் வேண்டும். நீங்கள் பாடப் பாட அவள் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். அம்மா ராத்திரி ராத்திரியாக எங்கே போனாள், என்ன செய்தாள் என்பதை அவள் முதல்முறையாகச் சொல் சொல்லாகக் கேட்பாள்.

பள்ளிக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். ஆனால் முதல் வகுப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள். கேமராவில் பார்த்துவிட்டு டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். முடிச்சு என்றால் எந்தப் பயிற்சியை எப்படிச் செய்வது, வகுப்பில் குரலை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா